18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி மணி, அடுத்தடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு என்று ராஜாவிடம் பரிசு கேட்ட கதையில் வருகிற எண் இது. நிரல் எழுதுகிறவர்களின் திரையில், யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கிற எண்ணும் இதுதான். 2-ஐ 64 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது: 2⁶⁴ − 1. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

இதைத் தமிழில் எப்படி வாசிப்பது?

வலமிருந்து ஏழேழு இலக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 184467 | 4407370 | 9551615. ஒவ்வொரு ஏழு இலக்கமும் ஒரு கோடி. ஆக, 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. ‘கோடி கோடி’ என்பது இங்கே அலங்காரமில்லை, கணக்குப்படியே 10¹⁴.

கோடிக்கு மேலே சங்கம், பதுமம் என்று பெயர்கள் உண்டுதான். ஆனால் ஒரே பெயருக்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு மதிப்பு. கணக்கு எழுதும்போது அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கால்குலேட்டர் இல்லாமல் இந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 64 முறை இரட்டிக்க வேண்டியதே இல்லை. 64 என்பதே 2-இன் அடுக்கு (2⁶) என்பதால், 2-இல் தொடங்கி ஆறு முறை வர்க்கம் எடுத்தால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, அடுத்தது 2⁶⁴. முதல் ஐந்தும் சுலபம். கடைசி வர்க்கத்தில்தான் கை தடுமாறும். 4294967296-ஐ 42949 | 67296 என்று இரண்டாக உடைத்து (அ + ஆ)² சூத்திரத்தில் போடுங்கள்.

42949² = 1844616601. இதன் பின்னால் பத்துப் பூஜ்யம்.
2 × 42949 × 67296 = 5780591808. இதன் பின்னால் ஐந்து பூஜ்யம்.
67296² = 4528751616.

மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். விடை தப்பாக வந்தால், பெரும்பாலும் நடுவரிசையில்தான் பிசகு: 2-ஆல் பெருக்க மறந்திருப்பார்கள், அல்லது ஐந்துக்குப் பதில் நான்கு பூஜ்யம் போட்டிருப்பார்கள்.

2⁶⁴-ஆ, 2⁶⁴ − 1-ஆ? இரண்டையும் பார்க்கிறோமே?

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் 1 மணி, அதாவது 2⁰. எனவே 64-ஆம் கட்டத்தில் இருப்பது 2⁶³, அதாவது 9223372036854775808. அதை 2⁶⁴ என்று எழுதுவதுதான் எங்கும் பரவிக் கிடக்கிற பிழை. எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை 2⁶⁴ − 1. பெருக்குத் தொடரின் சூத்திரம் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பலகைக்கு வெளியே இன்னும் ஒரே ஒரு மணி வைத்திருப்பதாக எண்ணுங்கள். அதை முதல் கட்டத்து மணியோடு சேர்த்தால் 2, அதை இரண்டாம் கட்டத்தோடு சேர்த்தால் 4, அதை மூன்றாம் கட்டத்தோடு சேர்த்தால் 8… இப்படியே உருண்டு போய் 64-ஆம் கட்டத்தைத் தாண்டும்போது 2⁶⁴ ஆகிவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு மணியைத் திருப்பிக் கழித்தால் 2⁶⁴ − 1.

அத்தனை அரிசி உண்மையில் எவ்வளவு?

ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை எட்டுக் கட்டத்திலும் சேர்த்து 255 மணி, ஏழு கிராம்கூட இல்லை. இரண்டாம் வரிசை முடியும்போது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மூன்றாம் வரிசை முடிய 419 கிலோ. பாதிப் பலகை (32 கட்டம்) நிறையும்போது 4294967295 மணி, சுமார் 107 டன். ஐந்தாறு லாரியில் ஏற்றிவிடலாம். அதுவரை ராஜாவுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். மீதிப் பாதிதான் ஆளைச் சாய்க்கிறது. முழுப் பலகைக்கு ஏறத்தாழ 46,117 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளைகிற அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 900 ஆண்டு விளைச்சலை அப்படியே கொட்ட வேண்டும்.

இந்தக் கதையை 13-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாளர் இப்னு கல்லிகான் எழுதிவைத்திருக்கிறார். கேரளத்தில் அம்பலப்புழைக் கோவில் பால்பாயசத்துக்குச் சொல்லப்படும் தலக்கதையும் இதே கணக்குத்தான்.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிகிறதே! வேடிக்கை என்னவென்றால், இதன் காரணிகளைத் தேடித் திரியவே வேண்டாம். அ² − 1 = (அ − 1)(அ + 1) என்ற எட்டாம் வகுப்புச் சூத்திரத்தை மேலிருந்து கீழே பிடித்துக்கொண்டு வந்தால் போதும்:

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). இதில் 2³² − 1 மறுபடியும் (2¹⁶ − 1)(2¹⁶ + 1). இப்படியே இறங்கினால்,

2⁶⁴ − 1 = (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதையும் பகா எண் என்றுதான் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். இரண்டின் அடுக்கையே அடுக்காகப் போட்டு ஒன்றைக் கூட்டினால் வருவதெல்லாம் (இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர்) பகா எண் என்பது 17-ஆம் நூற்றாண்டில் அவர் வைத்த கருத்து. 1732-இல் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417. ஆகவே முழுக் காரணிப்படுத்தல்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

ஏழு பகா எண்கள், ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை.

641 எங்கிருந்து வந்தது? குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்த்தாரா?

இல்லை. 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது ஆய்லரின் விதி. அந்த வடிவில் வரும் பகா எண்களை வரிசையாக எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியிலேயே விழுந்துவிடுகிறது. பிற்பாடு பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா இந்த 64-ஐ 128 ஆக உயர்த்தினார். அதன்படி தேடினால் 257, 641 என்று இரண்டாவதிலேயே கிடைக்கும்.

வகுத்துப் பார்க்காமலே 641 இதை வகுக்கும் என்று காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதிலிருந்து, 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது 5 × 2⁷-உம் −1-உம் ஒன்றே. இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-உம் −2⁴-உம் ஒன்றே. அதை உள்ளே போட்டால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1-இன் மீதி 0. முடிந்தது.

6700417 மேலும் உடையாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஐந்தே வகுத்தலில் சொல்லலாம். இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். உடைவதாக இருந்தால் 2588-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அது 4294967297-க்கும் காரணி என்பதால் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 129 முதல் 2561 வரை அப்படி இருபது எண்கள் உண்டு. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதிலும் பூஜ்யம் இல்லை, எனவே பகா எண்.

இதில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 1537, 1793, 1921, 2561 ஆகியவை பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2561 = 13 × 197. இவற்றாலும் வகுத்துப் பார்த்தால் தப்பில்லை, நேரம்தான் வீண்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், எனவே 2⁷. சிறியவை 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, 641 என்று தொடங்கும்.

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணில் சுமார் 70 விழுக்காடுதான், ஆகவே இது குறைவெண். இதைவிடச் சிறிய எண்களில் இதோடு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் ஏறத்தாழச் சரிபாதி (49.9 விழுக்காடு). 2³² − 1-க்கு மட்டும் பார்த்தால் அந்த எண்ணிக்கை 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹; சொல்லிவைத்ததுபோல் மறுபடியும் இரண்டின் அடுக்கு.

7, 9, 11, 13 ஆகியவற்றால் வகுபடுமா?

எதனாலும் வகுபடாது. மீதி முறையே 1, 6, 4, 2. முழு எண்ணை வகுக்கத் தேவையில்லை. 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதிகள் மூன்றுக்கு ஒருமுறை சுழலும். 64-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 2⁶⁴-இன் மீதி 2, ஒன்றைக் கழித்தால் 1. மற்றவையும் இதே வழிதான்: 9-க்குச் சுழற்சி 6, 11-க்கு 10, 13-க்கு 12.

முழு வர்க்கமா? வர்க்கங்களின் கூட்டலா?

முழு வர்க்கமில்லை. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7, எனவே மூன்று வர்க்கங்களாலும் முடியாது. நான்கு வேண்டும்.

முக்கோண எண்ணா?

1, 3, 6, 10, 15 என்று போகும் வரிசையில் இது வருமா என்பது கேள்வி. இங்கேதான் இராமானுஜன் உள்ளே வருகிறார். ஓர் எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் கிடைத்தால்தான் அது முக்கோண எண். 2⁶⁴ − 1-க்கு அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7 வருகிறது. 2-இன் எந்த அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 என்ற ஐந்துக்கு வரும் (1, 9, 25, 121, 32761) என்று 1913-இல் இராமானுஜன் சொன்னார். வேறு அடுக்குகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அதை ஒரு கேள்வியாகவே வெளியிட்டார். இந்த ஐந்தைத் தவிர வேறு இல்லை என்று நிறுவப்பட்டது 1948-இல், நார்வேக்காரர் நாகெல் கையால். பட்டியலில் 67 இல்லை. எனவே நம் எண் முக்கோண எண் அல்ல.

நாகெலின் நிறுவலை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இந்த ஒரு எண்ணுக்கு நேரடியாகவே காட்டலாம். 2⁶⁷-ஐ 121-ஆல் வகுத்தால் மீதி 18. எனவே 2⁶⁷ − 7-க்கு மீதி 11. அதாவது அது 11-ஆல் வகுபடும், 11²-ஆல் வகுபடாது. முழு வர்க்கமாக இருந்தால் 11 ஒற்றையாக நிற்காது. (மீதியைச் சரிபார்க்க: 121-க்கு 2¹⁰ → 56, 2²⁰ → −10, 2⁴⁰ → 100, 2⁶⁰ → 89, 2⁷ → 7; 89 × 7 = 623 → 18.)

அளவுகோலும் கவராயமும் கொண்டு இத்தனை பக்கமுள்ள ஒழுங்கு பலகோணம் வரையலாமா?

கொள்கையளவில்கூட முடியாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (பகா எண்ணாகவும் இருக்கிற ஃபெர்மா எண்களின்) பெருக்கமாக இருக்க வேண்டும். 641-உம் 6700417-உம் ஃபெர்மா பகா எண்கள் அல்ல. ஆனால் அவற்றை விலக்கினால் எஞ்சும் 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295 பக்கம் கொள்கையளவில் வரையலாம். இன்று வரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் அதுதான் பெரியது, ஏனெனில் 65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்ணும் அகப்படவில்லை.

ஹனாய் கோபுரத்துக்கும் இதே எண்தானா?

ஆம். 1883-இல் லூக்கா வெளியிட்ட விளையாட்டு அது: மூன்று கம்பங்களில், சிறிய தட்டின்மேல் பெரியதை வைக்காமல், தட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வேறொரு கம்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 64 தட்டு என்றால் குறைந்தபட்சம் 2⁶⁴ − 1 நகர்த்தல். காசிக் கோவிலில் பொன் தட்டுகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள் என்ற கதையும் விளையாட்டோடு சேர்ந்தே வந்தது. நொடிக்கு ஒன்று நகர்த்தினால் சுமார் 58,450 கோடி ஆண்டு, அதாவது பிரபஞ்சத்தின் வயதைப் போல 42 மடங்கு.

சதுரங்கப் பலகையைத் திருப்பிப் போட்டதுபோல் இருப்பதுதான் இதில் அழகு. மிகச் சிறிய தட்டு 2⁶³ முறை நகரும், அடுத்தது 2⁶² முறை, மிகப் பெரியது ஒரே ஒரு முறை. எத்தனையாவது நகர்த்தலில் எந்தத் தட்டு என்று தெரிய வேண்டுமா? நகர்த்தலின் வரிசை எண்ணை இரும எண்ணாக எழுதி, கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் சிறிய தட்டு, ஒன்று இருந்தால் இரண்டாவது தட்டு, அப்படியே மேலே.

என் நிரல் திடீரென்று இந்த எண்ணைக் காட்டுகிறது. ஏன்?

பத்துக்கு ஒன்பது முறை அது −1. 64 பிட்டும் (0 அல்லது 1 இருக்கும் 64 இடங்களும்) 1 ஆக இருக்கும் நிலையை, குறியுள்ள மாறி (எதிர்ம எண்ணையும் ஏற்பது) −1 என்று படிக்கும். குறியற்ற மாறி (எதிர்ம எண்ணை ஏற்காதது) 18446744073709551615 என்று படிக்கும். பதினாறடிமானத்தில் பதினாறு ‘எஃப்’. எங்கேயோ குறியற்ற மாறியில் 0-இலிருந்து 1-ஐக் கழித்திருப்பீர்கள். காலியாக இருக்கும் பட்டியலின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழிப்பது வழக்கமான குற்றவாளி. சி++ மொழியில் சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) ஒரு சொல்லைத் தேடி அது கிடைக்கவில்லை என்றாலும், 64 பிட் கணினியில் இந்த எண்தான் திரும்பி வரும்.

இதன் இன்னொரு முகம் முடிவில்லாச் சுழற்சி. ‘மாறி 0 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை’ என்று குறியற்ற மாறியைக் குறைத்துக்கொண்டே வந்தால், 0-க்கு அடுத்தபடி இந்த எண்ணுக்குத் தாவி, நிபந்தனை என்றைக்கும் உண்மையாகவே இருக்கும். கழிக்கும் முன் 0-ஆ என்று சோதியுங்கள்.

எக்செலில் தட்டினால் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றனவே?

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். நீங்கள் பார்ப்பது 18446744073709500000. தட்டும் முன்பே கட்டத்தை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

ஜாவாஸ்கிரிப்ட் 18446744073709552000 என்று காட்டும். அங்கே சேமிப்பில் இருப்பது 2⁶⁴ தான். அது எண்களைச் சேமிக்கும் இரட்டைத் துல்லியத் தசம வகையில் 53 பிட் துல்லியமே உண்டு. 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த எண்களுக்கு இடையில் 2048 இடைவெளி. 2⁶⁴-க்கு முந்தைய எண் அங்கே 18446744073709549568. நம் எண் இரண்டுக்கும் நடுவில் விழுந்து, பக்கத்தில் இருக்கும் 2⁶⁴-க்கு ஒதுங்கிவிடுகிறது. அந்த ஒன்று கூடியதால், மறுபடி 64 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளாது. சர்வரிலிருந்து உலாவிக்கு இவ்வளவு பெரிய அடையாள எண்ணை அனுப்புவதாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் உரையாக அனுப்புவதே பாதுகாப்பு. பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை, 2**64 - 1 என்றால் 20 இலக்கமும் சரியாக வரும். ஆனால் அங்கேயும் நடுவில் ஒரு சாய்கோட்டு வகுத்தல் நுழைந்தால் தசம வகைக்குப் போய்விடும்; இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

9223372036854775807 என்பது?

அது 2⁶³ − 1, குறியுள்ள 64 பிட் மாறியின் உச்சம். 63 இரண்டின் அடுக்கு இல்லை என்பதால் அதன் காரணிகள் வேறு சாதி: 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. ஃபெர்மா எண் ஒன்றுகூட அதில் கிடையாது.

பக்கத்தில் இருக்கும் பகா எண்கள் எவை?

கீழே 2⁶⁴ − 59, அதாவது 18446744073709551557. மேலே 2⁶⁴ + 13, அதாவது 18446744073709551629. 64 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய பகா எண் வேண்டும் என்பவர்கள் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் எண்ணோடு 2 கூட்டினால் வருவது 2⁶⁴ + 1. மேலே பார்த்த ஆறு காரணிகளின் பெருக்கத்தோடு 2 கூட்டியது என்பதால், அந்த ஆறில் எதனோடும் அதற்குப் பொதுக் காரணி இருக்க முடியாது. 1880-இல் பிரெஞ்சுக் கணிதர் லாந்த்ரி அதை உடைத்தார்: 274177 × 67280421310721.

தட்டச்சு செய்த எண் சரிதானா என்று சட்டென்று பார்க்க வழி உண்டா?

20 இலக்கம் இருக்க வேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87 வர வேண்டும். இதோடு நிறுத்தினால் போதாது, ஏனெனில் இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் 87 அப்படியே இருக்கும். எனவே வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 1, 3, 5… ஆம் இடங்கள் 62, 2, 4, 6… ஆம் இடங்கள் 25. வித்தியாசம் 37. அடுத்தடுத்த இரு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் 37 கண்டிப்பாகக் கலையும். அதிகமாகத் தப்புவது நடுவிலுள்ள 4073709 என்ற பகுதியில்தான். அதை 407 | 3709 என்று இரண்டாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள்.